நாலு மடங்கும் நெருப்பு அருவியும்

என் அத்தானுக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. சுவர் வெறுமையாக இருந்தால் அதில் ஒரு கொடி ஏறும். கொடி ஏறினால் பூ பூக்கும். பூ பூத்தால் வண்டு வரும். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு மயிலை வரைந்து வைத்திருக்கிறார், கைப்பிடிதான் அதற்குக் கழுத்து. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா அந்தக் கழுத்தைப் பிடித்து இழுக்கிறாள். இப்படிப்பட்ட மனிதரிடம் அகலமான ஒரு திரையைக் கொடுத்து, நடுவில் மட்டும் ஆட்டம் ஓடும், இரண்டு பக்கமும் சும்மாதான் கிடக்கும் என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

நாங்கள் கேம் பெட்டி செய்கிறவர்கள். ஆள் உயர மரப்பெட்டி, இடுப்புக்கு மேலே ஒரு ஜாய்ஸ்டிக்கும் மூன்று பட்டனும், கண் உயரத்தில் திரை. உள்ளே ஓடுவது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம். அந்தக் காலத்து யந்திரம் இப்போது கிடைக்காது, கிடைத்தாலும் ஓடாது. அதனால் எமுலேட்டர் என்று ஒரு மென்பொருளைப் போடுகிறோம். ‘நீ உன் பழைய யந்திரத்துக்குள்தான் இருக்கிறாய், பயப்படாதே’ என்று அது ஆட்டத்திடம் நொடிக்கு லட்சம் தடவை பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆட்டமும் நம்பி ஓடும். ஹோட்டல் வரவேற்பறை, பல் டாக்டரின் முன்னறை, கார் கழுவுகிற இடம் என்று எங்கள் பெட்டி போய் நிற்காத இடமில்லை.

தொல்லை எங்கே வருகிறதென்றால், பழைய ஆட்டங்களில் பல நின்ற வாக்கில் இருப்பவை. அகலம் குறைவு, உயரம் அதிகம். இன்றைக்குக் கடையில் விற்கிற திரைகளோ படுத்த வாக்கில் இருப்பவை. படுத்த திரையில் நின்ற ஆட்டத்தை வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாகக் காலி விழும். அங்கே வைக்கிற அலங்காரத்துக்கு எங்கள் பட்டறையில் ஓரப்படம் என்று பெயர். அதை வரைவது அத்தான். ஆட்டம் எவ்வளவு பெரிதாக, திரையில் எங்கே நிற்கவேண்டும் என்று லேஅவுட் எழுதுவது நான். அக்கா புருஷனும் கொழுந்தியாளும் ஒரே மேஜைக்கு இரண்டு பக்கம். முதலாளிக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

அதிகம் விற்கிற ஆட்டத்தை நாங்கள் வௌவால் என்போம். மேலிருந்து வௌவால்கள் வரிசை வரிசையாக இறங்கும், கீழே நகர்கிற ஒரு சின்ன பீரங்கியால் சுடவேண்டும், ஒரு வௌவால் தரையைத் தொட்டாலும் ஓர் உயிர் போகும், மொத்தம் மூன்று உயிர். அதன் திரை 224 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம். இன்றைய திரையின் உயரம் 1080. பழைய புள்ளி ஒவ்வொன்றையும் சரியாக நாலு மடங்காகப் பெருக்கினால் 1024 வரும், மேலும் கீழும் விரற்கடை மிஞ்சும், ஆட்டம் கூர்மையாக நிற்கும். மூன்றரை மடங்கு என்று வைத்தால் சில புள்ளி தடித்தும் சில புள்ளி மெலிந்தும் போய் வௌவாலுக்கு ஒரு கண் மட்டும் வீங்கியிருக்கும். ஆகவே முழு எண்தான். நாலு, இல்லையென்றால் மூன்று. மூளை உள்ளவர் யாரும் மூன்றைக் கேட்கமாட்டார்கள்.

அத்தான் மூன்றைக் கேட்டார்.

மூன்று மடங்கில் வைத்தால் பக்கங்களில் மட்டுமல்ல, மேலேயும் கீழேயும்கூட அவருக்கு இடம் கிடைக்கும். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: திரையில் கால் பாகம் ஆட்டம், முக்கால் பாகம் அத்தான். அவருக்கு அது குறையாகவே படவில்லை.

“ஆட்டம்ங்கிறது கண்ணு மாதிரிம்மா மச்சினி,” என்றார். “முகம் இல்லாம வெறும் கண்ணை மட்டும் எவன் பார்ப்பான்?”

முகம் இப்படி வீங்கினால் கண் இருக்கிற இடமே தெரியாது அத்தான் என்று சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பென்சிலைச் சீவப் போய்விட்டார். அவமானப்படுத்த முடியாத மனிதர்களோடு வேலை செய்வது எவ்வளவு களைப்பு என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவருடைய திருவிளையாடல்களை நான் பட்டியல் போட ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. இரண்டு மட்டும் சொல்கிறேன். ஒரு தடவை, பழைய கண்ணாடித் திரை மாதிரி இருக்கட்டும் என்று ஆட்டத்தின் மேலேயே ஒரு ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளப்பதுபோல வரைந்துவிட்டார். அந்தப் பெட்டி போன ஹோட்டலில் தரை துடைக்கிற அம்மா அந்தப் பளபளப்பைக் கறை என்று நினைத்து, மூன்று நாள் விதவிதமான திரவம் போட்டுத் தேய்த்திருக்கிறார். நாலாம் நாள் திரையின் மேல்பூச்சு உரிந்தது, அத்தானின் பளபளப்பு அப்படியே இருந்தது. இன்னொரு தடவை, ஓரப்படத்தின் கீழ் மூலையில் அழகுக்காக மூன்று குட்டிப் பீரங்கிகளை வரைந்தார். ஆட்டத்தில் மிச்சமுள்ள உயிர்களைக் காட்டுகிற சின்னமும் அதே குட்டிப் பீரங்கிதான். ஆடுகிறவனுக்கு எப்போது பார்த்தாலும் மூன்று உயிர் மிச்சம் இருக்கும், ஆட்டம் மட்டும் முடிந்துபோகும். பெட்டி ஏமாற்றுகிறது என்று ஆள் மாற்றி ஆள் புகார் சொன்னார்கள். அத்தான் கூச்சமே இல்லாமல், தான் வரைந்ததுதான் அசல் மாதிரி இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டார்.

முதலாளி எப்போதும் அத்தான் கட்சி. பெட்டியை வாங்குகிறவர்கள் போட்டோவைப் பார்த்து வாங்குகிறவர்கள், போட்டோவில் என் நாலு மடங்கு கறுப்பாகத் தெரியும், அத்தானின் முக்கால் பாகம் ஜெகஜ்ஜோதியாகத் தெரியும். டிவி பழுது போலிருக்கிறதே, இரண்டு பக்கமும் இருட்டாக இருக்கிறதே என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடமே கேட்டார். ஆடத் தெரியாதவன் வாங்கி, ஆட விரும்பாதவன் முன்னால் நிறுத்தி வைக்கிற பொருளுக்கு நான் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைவிட முட்டாள் அந்தப் பட்டறையில் யாரும் இல்லை என்று சில சமயம் தோன்றும். அத்தானைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

எங்கள் இருவருக்கும் நடுவில் நியாயம் தெரிந்த ஒரே ஆள் அக்கா. எந்தப் பெட்டியும் அவள் அரைமணி நேரம் ஆடிப் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாமல் பட்டறை வாசலைத் தாண்டாது. ஆட்டத்தில் அவளை ஜெயிக்க ஆள் இல்லை என்பது இருக்கட்டும். பட்டனை இரண்டு தடவை அழுத்தி ஸ்பிரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்வாள். ‘ஜாய்ஸ்டிக் வலது பக்கம் போகச் சோம்பல்படுகிறது’ என்று சீட்டு எழுதி ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பளபளப்பையும் குட்டிப் பீரங்கியையும் அவள் லீவில் இருந்த வாரங்களில்தான் அத்தானால் வெளியே அனுப்ப முடிந்தது. புருஷன் என்று அவள் சலுகை காட்டியதில்லை, தங்கை என்று எனக்கும் காட்டியதில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னபடியே காலும் வந்தது, ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கிற இடக்கையும் ஐந்தாறு வாரத்தில் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்றுதான்: இடது பக்கம். கண்ணில் கோளாறு இல்லையாம். மனசுதான் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறதாம். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பாள். இடது பாதி அப்படியே இருக்கும். தலையில் வலது பக்கம் மட்டும் சீவிக்கொண்டு வெளியே கிளம்புவாள். சொன்னால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அடுத்த நிமிஷம் மறுபடி விட்டுவிடுவாள். தேடித் தேடிப் பழகினால் சரியாகலாம், இடது பக்கம் பார்க்கவேண்டிய வேலையாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

பட்டறையில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. பெட்டிகளுக்கு வயர் இழுக்கிற வயர்மேன் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார், அதாவது பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். பெட்டிகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. கடைசியில் முதலாளி வீட்டுக்கு வந்தார். வேறொருவனைப் பேசி வைத்திருப்பதாகவும், மூன்று வாரம் கழித்து வருகிற புதன்கிழமை வரை பொறுப்பதாகவும் சொன்னார். அன்று காலை பட்டறைக்கு வந்து தன் எதிரில் வௌவால் ஆடிக் காட்டவேண்டும், மூன்று திரையை, அதாவது மூன்று சுற்றை, முடித்தால் நாற்காலி அவளுக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு. ஒரே ஆட்டம். அவர் கெட்டவர் இல்லை, கறாரானவர்.

அக்கா சரி என்றாள். பதினெட்டு வருஷம் பார்த்த வேலை. அது இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அந்த மயிலின் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கவேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பயந்திருந்தாள். எனக்குத் தெரியாதா?

பயிற்சிக்காக வீட்டு ஹாலில் ஒரு வௌவால் பெட்டியையும் அவள் உட்கார ஓர் உயர ஸ்டூலையும் கொண்டுவந்து வைத்தோம். லேஅவுட்டை நான் எழுதுகிறேன் என்றேன். அதற்குள் அத்தான் தன்னுடையதைப் போட்டுவிட்டார். மூன்று மடங்கு, சுற்றிலும் அலங்காரம். வலது பக்கம் ஒரு மங்கலான குகை. இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு நெருப்பு அருவி, கண்ணைக் குத்துகிற சிவப்பு. ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படி எரிகிறது என்று கேட்டதற்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைவது சோம்பேறிகளின் வேலை என்றார். உண்மையில் அருவியை வரைந்து முடித்ததும் அவருக்கு அலுத்துப்போயிருக்கும், வலது பக்கத்துக்கு ஒரு குகையைப் பூசி முடித்திருப்பார். குகை வரைவதற்குக் கறுப்பும் துணிச்சலும் போதும்.

தினமும் சாயங்காலம் அவள் ஆடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வாரம் சகிக்கவில்லை. இடது பக்க வௌவால்கள் கேட்பாரில்லாமல் இறங்கித் தரையைத் தொட்டன. இரண்டாம் வாரம் கொஞ்சம் தேறினாள். மூன்றாம் வாரம் ஒரு திரையை முடித்தாள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஆனால் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி, அந்த நெருப்பு அருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். சுடுகிற நேரத்தில் பாதி அதில் போயிற்று. நோயாளியின் கவனத்தைக்கூட இந்த மனிதரின் அலங்காரம் விட்டுவைக்கவில்லையே என்று பொருமினேன். அருவி இல்லாமலிருந்தால் மூன்று என்ன, ஆறு திரை முடிப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அத்தானிடம் சொன்னேன். நாலு மடங்கு, பக்கம் இரண்டும் சுத்தக் கறுப்பு, அதுதான் அவளுக்கு நல்லது என்றேன். கறுப்பைப் பார்த்தால் அவளுக்கு மனசு விட்டுப்போகும், கலையால்தான் தேறிக்கொண்டிருக்கிறாள் என்றார் அவர். அவள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே மூன்றா நாலா என்று கத்திக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே நான் பட்டறைக்குப் போய்விட்டேன். சோதனைக்கு நிறுத்தியிருந்த பெட்டியிலும் அத்தானின் அருவிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்தேன். எறிந்தேன் என்றால், ஃபைலை அழித்தே விட்டேன், திரும்பப் போடச் சொல்வார்களோ என்று. என்னுடைய லேஅவுட்டைப் போட்டேன். நாலு மடங்கு, தலைமுடி அளவுகூடப் பிசகு இல்லை, இரண்டு பக்கமும் இருட்டு. வௌவால்கள் ஒவ்வொன்றும் ஊசியால் குத்தியதுபோல் தெளிவாக நின்றன. இதைப் பார்த்து ஆடட்டும், அப்புறம் தெரியும் யார் சொன்னது சரியென்று. அக்கா ஜெயிக்கப்போவதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அத்தானின் முகம் போகப்போகிற போக்கை நினைத்து அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அக்கா தலையை இரண்டு பக்கமும் சீவியிருந்தாள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். வயர்மேன் தன் மேஜையை விட்டு எழுந்து வந்தார். அத்தான் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா உயர ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனை அழுத்திவிட்டாள்.

முதல் திரையிலேயே மூன்று உயிரும் போயிற்று.

வலது பாதியை அவள் பழைய நாட்களைப்போல் சுத்தமாகத் துடைத்தாள். ஒரு குண்டுகூட வீணாகவில்லை. இடது பாதியில் வௌவால்கள் இரண்டு வரிசையாக நிதானமாக இறங்கின. அவள் தலை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்புவதற்கு அங்கே எதுவும் இல்லை, எல்லாம் சீரான கறுப்பு. என் நாலு மடங்கில் அவை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தன என்பதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆட்டம் முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. அக்கா நம்பவில்லை. எல்லாவற்றையும்தான் சுட்டாயிற்றே என்பதுபோல முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கலாம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று அவர் சொன்ன விதத்திலேயே நாற்காலி கைமாறிவிட்டது தெரிந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் விரலை வைத்து, வலது பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். தலையும் விரல் பின்னால் போயிற்று. விரல் திரையின் பிளாஸ்டிக் விளிம்பில் முட்டி நின்றது.

“இந்தப் பெட்டில இடது ஓரம் இல்ல,” என்றாள்.

முதலாளி புரியாமல் நின்றார்.

“ஆட்டம் எங்க முடியுதுன்னு ஒரு அடையாளமும் இல்ல. வீட்டுப் பெட்டில சிவப்பா இருக்கும். சிவப்பு கண்ணுல படற வரைக்கும் திரும்பணும்னு நான் பழகி வச்சிருக்கேன். இதுல அதை யாரோ எடுத்திருக்காங்க.” அப்புறம் அவள் வேலைக்குரலில் சொன்னாள்: “பெட்டில குறை கண்டுபிடிக்கிறதுதானே என் வேலை முதலாளி. கண்டுபிடிச்சுட்டேன். எழுதிக்கங்க.”

வயர்மேன் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. மூன்று வாரமாக அவள் வேடிக்கை பார்க்கிறாள் என்று நான் பொருமியதெல்லாம் வேடிக்கை இல்லை, அவள் தானே கண்டுபிடித்த ஒரு வழி. புள்ளியை எண்ணத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கலையின் மகிமையை இப்போதாவது உணர்ந்தீர்களா என்ற ரீதியில் முதலாளியிடம் பேச ஆரம்பித்தார். அந்த அருவியின் ஒவ்வொரு தீநாக்கையும் எத்தனை நாள் யோசித்து வரைந்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். தன் பெண்டாட்டியின் வேலை போகிற நேரத்தில் ஒரு மனிதன் தன் தூரிகையைப் பற்றிப் பேசுவதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. நானும் அதே வகைதான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்காதான் நிறுத்தினாள். “அது அருவியா? எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். சிவப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அத்தானின் கை பாதியில் நின்றது. பாவம், அவரை அவமானப்படுத்த ஒரு வழி இருக்கத்தான் செய்தது. இத்தனை வருஷம் எனக்கு அது அகப்படாமல் போயிற்று.

அருவியைத் திரும்பப் போடு என்று முதலாளி என்னிடம் சொன்னார். அழித்துவிட்டேன் என்று சொல்லவேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்துவர ஒரு மணி நேரமாகும், அவருக்கு வேறு வேலை இருந்தது, வாட்சைப் பார்த்தார்.

அக்கா கையை நீட்டினாள். நீட்டியது வயர்மேனை நோக்கி. அவருடைய இடுப்புப் பையில் வயர் சுற்றுகிற டேப் உருளைகள் இருந்தன, கறுப்பு, மஞ்சள், சிவப்பு. சிவப்பை வாங்கிக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டாள். ஆட்டத்தின் இடது எல்லை எந்த இடம் என்று விரலை வைக்கச் சொன்னாள். கறுப்பு முடிந்து ஆட்டம் தொடங்குகிற இடம் எனக்கு ஒரு புள்ளி பிசகாமல் தெரியும். வைத்தேன். அவள் தலையைத் திருப்பி, கையால் தடவிக்கொண்டே வந்து, என் விரலைத் தொட்டாள். அந்த இடத்திலிருந்து டேப்பை மேலே ஒட்டினாள், பிறகு கீழே இழுத்து ஒட்டினாள். கோணலாக வந்தது. மேலே கொஞ்சம் உள்ளே சாய்ந்து ஆட்டத்தில் ஏழெட்டுப் புள்ளியை மறைத்தது. நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

“ஒரு ஆட்டம்,” என்றாள் முதலாளியிடம். “மாத்தின பெட்டில ஆடினது கணக்கு இல்ல.”

அவர் தலையாட்டினார்.

அவள் ஆடினாள். ஒவ்வொரு வரிசைக்கும் தலை திரும்பிச் சிவப்பைத் தொட்டுவிட்டு வந்தது. முதல் திரை முடிந்தது. இரண்டாவதில் ஓர் உயிர் போயிற்று, அவள் அடிக்குரலில் ஏதோ திட்டினாள், வௌவாலையா என்னையா என்று தெரியவில்லை. மூன்றாவதில் வௌவால்கள் வேகமெடுத்தன. இடது ஓரத்தில் ஒன்று டேப்பை ஒட்டியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. தரைக்கு ஒரு விரல் மிச்சமிருக்கும்போது அவள் தலை திரும்பியது, பீரங்கி நகர்ந்தது, சுட்டாள். திரை காலியாயிற்று. அத்தான் அழுதார். அலங்காரமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மற்ற மனிதர்கள் அழுவதுபோலவே அழுதார்.

வெளியே போகவேண்டிய பெட்டிகள் ஒன்பது நிற்கின்றன, இன்றைக்கே ஆரம்பிக்க முடியுமா என்று முதலாளி கேட்டார். பேசி வைத்திருந்தவனுக்குப் போன் பண்ண உள்ளே போனார். வயர்மேன் முதல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிலும் அக்கா டேப்பை ஒட்டிக்கொண்டாள். அத்தான் வரைந்த ஏதோ ஒரு மாளிகையின் வாசலை அந்த டேப் மறைத்தது, அவரே அதன் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். எங்களைப் போகச் சொன்னாள். போவதற்கு முன்னால் நான் கேட்டேன், சிவப்பு வேண்டுமென்று ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா என்று.

“நீ கேட்டியா?” என்றாள் ஜாய்ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டே. “மூணு வாரமா ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கமும் நின்னு சண்டை போட்டீங்க. உனக்கு எது தெரியுது, எது தெரியலன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். என்னால் போக முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்ததெல்லாம் அத்தானைத் தோற்கடிப்பதற்காக, அதற்கு என் சொந்த அக்காவின் பதினெட்டு வருஷ நாற்காலியைப் பணயம் வைத்திருக்கிறேன். அவள் ஆட ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, தப்புதான்க்கா, மன்னிச்சுடு என்றேன். அவள் திரும்பவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் நின்றது அவளுடைய இடது பக்கம். பெட்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்று மறுபடியும் சொன்னேன்.

“முதல் தடவையே கேட்டுச்சு,” என்றாள் அக்கா. “போய் வேலையைப் பாரு.”